பூட்டிய கழிப்பறையும் மரகதம் டீச்சரும்

உக்குவளையில் என் கடைக்கு முன்னால் நிற்கும் விளக்குக் கம்பத்தில் இரண்டு பேர் ஏணி வைத்துப் பதாகை கட்டிக்கொண்டிருந்தார்கள். காலையில் கடை திறக்க வந்த நான், தேர்தல் விவகாரம் என்று நினைத்துத் திட்ட வாயெடுத்தேன். துணி விரிந்தது. மரகதம் டீச்சரின் முகம்.

"என்னப்பா இது?"

"தெரியாதா ஹாஜியார்? டீச்சர் நேத்து லக்கலயில தவறிட்டாங்க."

'ஆங்கிலத் தாய்க்குக் கண்ணீர் அஞ்சலி' என்று போட்டிருந்தது. அஞ்சலி செலுத்தியவர்களின் பெயர்கள் டீச்சரின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருந்தன. முதல் பெயர் அதிபருடையது. டீச்சரை லக்கலவுக்குத் தூக்கியடிக்கக் காரணமாயிருந்த அதே அதிபர். அழுகை வரவேண்டிய இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. இன்னும் போகவில்லை.

இந்த மலரைப் படிக்கிற, டீச்சரை அறிந்த உங்களில் பலருக்கு என்னையும் தெரியும். மிளகு, கராம்பு வாங்கி விற்கிறவன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, இங்கிலீஷை அகராதியின் முதல் பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்தவன். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் சொல்வளம் கற்பிக்க இடம் வேண்டும் என்று டீச்சர் வந்தபோது, கடையின் மேல்மாடியைக் கொடுத்தேன். என் இங்கிலீஷைச் சற்று நேரம் கேட்டார்.

"ஹாஜியார், நீங்க அகராதிய அப்படியே முழுங்கியிருக்கீங்க. இன்னும் செரிக்கல."

என்னிடம் அப்படிப் பேச ஊரில் வேறு ஆள் இல்லை.

அவருடைய முறை வேறு. வாரத்துக்கு ஒரு கனமான சொல். பொருளைச் சொல்லிவிட்டு, "போய் இதோட ஆளைக் கண்டுபிடிச்சுட்டு வாங்க" என்பார். அந்தச் சொல் பொருந்துகிற மனிதரை, இடத்தை, சம்பவத்தைத் தங்கள் கண்ணால் பார்த்து வந்து பிள்ளைகள் இங்கிலீஷில் பேசவேண்டும். டியூஷன்காரர்கள் அச்சடித்து விற்கும் கட்டுரையை யாராவது ஒப்பித்தால் மேசையில் அடிப்பார். "மனப்பாடம் பண்ணின சொல்லு வாடகைக்கு இருக்கிற ஆள் மாதிரி. பரீட்சை முடிஞ்சதும் வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிரும்" என்பது அவர் வாக்கு.

'ஒப்ஸ்டினேட்' என்ற சொல் கொடுத்த வாரம், கடையில் என்னைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். விசாரித்தேன். பிடிவாதக்காரன் என்று பொருளாம். வகுப்பே என்னைத் தெரிவு செய்திருந்தது. மேலே ஏறிப் போய்ச் சத்தம் போட்டேன்.

"என்ன டீச்சர் இது? எனக்கு எங்க பிடிவாதம் ஈக்கு? நான் ஒத்துக்கவே மாட்டன்!"

"பாத்தீங்களா புள்ளைங்களா," என்றார் டீச்சர், பலகையிலிருந்து திரும்பாமலேயே. அன்று பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் கீழே வாடிக்கையாளர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அதன் பிறகு, வகுப்புச் சத்தம் கேட்கவென்றே எந்தச் சனிக்கிழமையும் நான் கடையை மூடவில்லை.

இனி, இரங்கல் கூட்டத்தில் யாரும் பேசாததை எழுதுகிறேன். டீச்சர் படிப்பித்த பாடசாலையின் பெயரைச் சொல்லப் போவதில்லை.

அங்கே மாணவிகளுக்குப் புதிதாகத் டைல்ஸ் பதித்த கழிப்பறை ஒன்று கட்டினார்கள். திறந்தார்கள், படம் பிடித்தார்கள், பூட்டினார்கள். சாவி அதிபரின் அறையில். விருந்தினர் வரும் நாளில் மட்டும் கதவு திறக்கும். பிள்ளைகளுக்குப் பழைய, கதவு கழன்ற கழிப்பறைதான். "புதுசு அழுக்காயிருமே" என்பது நிர்வாகத்தின் நியாயம். நம்மவர்கள் வீட்டில் நல்ல பீங்கான் கோப்பையை அலுமாரியில் பூட்டி வைத்துக்கொண்டு, உடைந்த கோப்பையில் தேநீர் குடிப்பதில்லையா? அதே புத்தி. ஆனால் கோப்பை வேறு, வயது வந்த பெண்பிள்ளைகளின் மானம் வேறு.

அந்த வாரச் சொல் 'நெக்லிஜன்ஸ்'. செய்யவேண்டியதைக் கவனியாமல் விடுவது. தர்ஷினி என்ற தேயிலைத் தோட்டத்து மாணவி அதற்கு ஆள் தேடி ஊரெல்லாம் அலையவில்லை. ஆங்கில தின விழாவில், கல்வி அதிகாரி முன்னால், 'எனது பாடசாலை' என்ற தலைப்பில் பேசும்போது அந்தப் பூட்டைச் சொன்னாள். இப்படிப் பூட்டி வைப்பதற்கு இங்கிலீஷில் ஒரு சொல் இருக்கிறது என்று சொல்லி, அந்தச் சொல்லையும் சொன்னாள். அதிகாரி அதிபரைத் திரும்பிப் பார்த்தார். பின்வரிசையில் இருந்த நான் கைதட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை.

மறுநாள் ஆசிரியர் கூட்டத்தில் அதிபர் தன்னிடம் பேசியதை டீச்சரே என்னிடம் வந்து சொன்னார். மிரட்டல் இல்லை, குழைவுதான். "டீச்சர், ஒண்ணும் பெரிசா வேணாம். அந்தப் புள்ளைக்கு அந்தச் சொல்லோட அர்த்தம் தெரியாது, தெரியாமப் பேசிருச்சுன்னு அதிகாரிக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. எல்லாம் முடிஞ்சிரும்."

"அவளுக்கு அர்த்தம் தெரியும் சேர்," என்றிருக்கிறார் டீச்சர். "நல்லாவே தெரியும். தெரியாதுன்னு நான் சொன்னா, அவளை முட்டாளாக்கி நான் இங்க சம்பளம் எடுக்கிறதாத்தான் அர்த்தம்."

சில வாரங்களில் இடமாற்றம் வந்தது. லக்கலவில் காட்டோரமாக ஒரு சிங்களப் பாடசாலை. 'சேவையின் தேவை கருதி' என்றார்கள். பஸ் குறைவு. மாலை பஸ்ஸை விட்டால் மறுநாள்தான். நெஞ்சு வருத்தக்காரர் என்று தெரிந்தே அனுப்பினார்கள். அங்கேயே ஒரு விவசாயி வீட்டில் அறை எடுத்துத் தங்கினார். திரும்பி வரக் கேட்ட ஒவ்வொரு முறையும் "மேல பேசிட்டிருக்கோம் டீச்சர்" என்றார்கள். மேலே யார் இருந்தார்கள், என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நெஞ்சு வலித்த அன்று வீட்டுக்காரர்கள் வேன் பிடித்தார்கள். வழியில் யானை. அது விலகும்வரை வேன் நின்றது. டீச்சரின் உயிர் காத்திருக்கவில்லை. யானையின் மேல் எனக்குக் கோபமில்லை. அது அதன் ஊரில் நின்றது. டீச்சர்தான் அவருடைய ஊரில் இல்லை.

பலாபத்வலயில் அவரது வீட்டில், பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அதிபர் பேசினார். "அம்மையார் யாரையும் கடிந்து பேசியதில்லை. தமக்கு நேர்ந்த சிரமங்களையும் சிரித்த முகத்தோடு மன்னித்தவர்."

"பொய்!" என்றேன்.

"ஹாஜியார், சாவு வீடு. உக்காருங்க," என்று யாரோ தோளை அழுத்தினார்கள். அதே ஆட்கள்தான் இப்போது இந்த நினைவு மலருக்குக் கட்டுரை கேட்கிறார்கள். "நல்லத மட்டும் எழுதுங்க" என்கிறார்கள். எழுதியிருக்கிறேன். இதில் ஒரு வரியை வெட்டினாலும் என் பெயரையும் சேர்த்து வெட்டிவிடுங்கள்.

டீச்சர் கடைசியாக விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது அவரிடம் நானே சொன்னேன். "விட்டுடுங்க டீச்சர். நெஞ்சுக்கு ஆகாது. மன்னிச்சிட்டாச் சரி."

தேநீரை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சாவியக் கொண்டுவந்து அந்தப் புள்ளைங்க கையில குடுக்கட்டும் ஹாஜியார். அன்னைக்கு மன்னிக்கிறேன். சும்மா மன்னிக்க நான் என்ன சாமியா?"

கழிப்பறை இன்றும் பூட்டியே இருக்கிறது. டீச்சர் மன்னிக்காமலே போனார். சிலர் அவருடைய புத்தகங்களை வைத்திருக்கிறார்கள், சிலர் படத்தை வைத்திருக்கிறார்கள். அவர் மன்னிக்க மறுத்ததை நான் வைத்திருக்கிறேன்.