வாயில் பியூகிள்

மருமகள் புளி போட்டுக் குத்துவிளக்கைத் தேய்க்கிறாள். அந்த வாடைக்கே என் உதடு குவிகிறது. தென்காசியில் எங்கள் ஹைஸ்கூல் பேண்டில் நான் பியூகிள் என்னும் பித்தளைக் குழல் ஊதினேன். சாரல் காலத்தில் டிரம்மின் தோல் தொய்ந்துபோகும், வைக்கோல் தீயில் காட்டி முறுக்கேற்றுவோம். பியூகிளை எவ்வளவு புளி வைத்துத் தேய்த்தாலும் மறுநாளே களிம்பேறும். பட்டாளத்துக்குப் போகிறவர்களை வழியனுப்ப எங்களைத்தான் ரயிலடிக்கு நடத்திப் போவார்கள். கடைசிப் பெட்டி மறையும்வரை வாசிப்பை நிறுத்தக் கூடாது என்பது டிரில் மாஸ்டர் உத்தரவு. ஒருநாள் ஜன்னலில் என் அண்ணன், பர்மாவுக்குப் போய்த் திரும்பாதவன்.

"ஏலே, போயிட்டு வரட்டுமா?"

ஊதினேன். வண்டி நகர்ந்தது.

"சொல்லுலே!"

மாஸ்டர் பக்கத்திலேயே நின்றார். ஊதிக்கொண்டே இருந்தேன். பியூகிளை இறக்கி, புளித்த வாயோடு "போயிட்டு வாண்ணே" என்று சொன்னபோது எதிரே வெறும் தண்டவாளம்தான் கிடந்தது.