பதினேழாம் எண் வில்லை

மில்கா அத்தை முப்பத்தோரு வருஷம் வெள்ளிச் சுரங்கத்து வாசலில் ஆணிப் பலகையைக் காத்தவர். உள்ளே இறங்குகிறவன் தன் எண் பொறித்த பித்தளை வில்லையை எடுத்துப்போவான், வெளியே வந்ததும் அதே ஆணியில் மாட்டுவான். ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் உள்ளே.

சுரங்கத்தை மூடியபிறகு எங்கள் சில்வர் ஃபோர்க் ஊருக்கு வருவது மலையேறுகிறவர்கள்தான். அத்தை பலகையைப் பாதை தொடங்கும் இடத்துக்குத் தூக்கிவந்து, மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். சம்பளம் கிடையாது. ஆனால் வில்லை வாங்காமல் ஒருத்தனும் பிஷப் சிகரத்துக்குப் போக முடியாது. டென்வர் நகரத்து வக்கீல்களையே அதட்டுவார்: "மதியம் இடி இடிக்கும். ஒரு மணிக்குள்ள இறங்கிடணும், தெரியுதா?"

சின்னப் பையனாக இருந்தபோது ஒருமுறை அவர் ஃபிளாஸ்க் காப்பியில் உப்புப் போட்டேன். முழுக்கக் குடித்துவிட்டு, "அடுத்த தடவ கொஞ்சம் கம்மியா போடுடா" என்றார்.

அந்தத் தெம்பில்தான் ஜூலையில் ஒருநாள், அவர் கழிப்பறைக்குப் போன நேரம் பார்த்து, பதினேழாம் எண் வில்லையை உருவிப் பையில் போட்டுக்கொண்டேன். காலி ஆணியை எவ்வளவு நேரம் முறைக்கிறார், பார்க்கலாம் என்று.

இரண்டு மணிக்கு வந்து பார்த்தால் நாற்காலிதான் காலி. எதிர்க் கடைக்காரர் ஹாலிஸ் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை மேல போயிடுச்சுடா. கழிப்பறைக்குப் போன நேரத்துல எவனோ எடுத்துட்டுப்போன பதினேழு இன்னும் வரலையாம். மீட்புப் படை வந்துசேர இருட்டிடும். எவனாவது பையில வெச்சு மறந்திருப்பான்னு சொன்னேன். 'ஸ்டீவோவுக்கும் அப்படித்தான் நெனச்சேன்'னுட்டு நடந்துடுச்சு."

சுரங்கத் தொழிலாளி ஸ்டீவோ மறதிக்காரன். ஒருநாள் அவன் ஆணி காலியாக இருந்ததைப் பார்த்தும் அத்தை வீட்டுக்குப் போய்விட்டார். அவன் இரண்டு நாள் பாறைக்கடியில் கிடந்து செத்தான். இது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும்.

ஓடினேன். மரங்கள் முடிகிற இடத்துக்கு மேலே ஆலங்கட்டி மழை கொட்டியது. முதலில் குரல்தான் கேட்டது. பெயர் தெரியாததால் எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "பதினேழு! ஏய், பதினேழு!" தொண்டை கட்டிப்போயிருந்தது. ஒரு பாறை ஓரமாகச் சரிந்து கிடந்தார், முழங்கால் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது.

"நீ எதுக்குடா வந்தே? கீழ ஓடு. மேல ஒருத்தன் மாட்டிக்கிட்டிருக்கான்."

"வாங்க அத்தை, போயிடலாம்."

"அவன விட்டுட்டா? நான் வரமாட்டேன்."

மின்னல் பக்கத்திலேயே இறங்கியது. வில்லையை எடுத்து நீட்டினேன். "நான்தான் அத்தை பதினேழு."

அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என் தலையை, தோளை, கையைத் தடவிப் பார்த்தார். "எங்கயாவது அடிபட்டுச்சா?"

"இல்ல. நான் மலைக்கே வரல. சும்மா விளையாட்டுக்கு..."

தடவிய கை நின்றது. பிறகு அதே கையை என் தோளில் ஊன்றி எழுந்தார். கீழே வந்துசேர மூன்று மணி நேரம்.

"பையன் காப்பாத்திட்டானே!" என்று ஹாலிஸ் ஓடிவந்தார்.

"ஆமா," என்றார் அத்தை.

அவர் இப்போது தடி ஊன்றித்தான் நடக்கிறார். ஊரில் இன்னமும் என்னை அத்தையைக் காப்பாற்றியவன் என்கிறார்கள். அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. இதை எழுதும்வரை நானும்தான்.