கீறல் விழுந்த டப்பா

நசுங்கிய டப்பாவை அவளுடைய இடக்கை இறுக்கிப் பிடித்திருந்தது. வலக்கை கடைசித் திருகாணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. கடல் தண்ணீர் அரித்த திருகாணி லேசில் மசியவில்லை. எதிரே விசாரணை அதிகாரி, கண்ணை அந்தக் கைகளிலிருந்து எடுக்காமல். ஓரத்தில் தம்பி மனைவி.

சின்ன விமானங்களில் விமானியின் முகத்துக்கு நேரே இருக்கும் கருவி அது. உள்ளே ஒரு பம்பரம் சுழலும். விமானம் ஏறுகிறதா, சாய்கிறதா என்று கண் தெரியாத இருட்டிலும் காட்டும். அதைப் பழுது பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. விமானத் தளத்தில் அவளுக்குப் பேரே பம்பரக்காரி. இதையும் அவள்தான் சரிசெய்து, முதலாளிக்காகத் தம்பி ஓட்டிய விமானத்தில் மாட்டினாள்.

தம்பி பகலில் கெட்டிக்காரன். "உன் பம்பரம் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமாக்கும். ஏறுதா இறங்குதான்னு என் உடம்பே சொல்லும்க்கா" என்பான்.

பகலில் அது செல்லும். இருட்டில் கடலைப் பார்த்துக் கிளம்பி வேகம் கூடும்போது, விமானத்தின் மூக்கு மேலே தூக்குவதாக உடம்பு பொய் சொல்லும். அதை நம்பி மூக்கை அழுத்தினால் தண்ணீர்தான். முதலாளி, அவர் மகள், தம்பி மூவரும் அப்படித்தான் போனார்களா, பம்பரம் நின்றுபோய் அவனை ஏமாற்றியதா? தளத்தில் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டார்கள்: அக்காவே தம்பியைக் கொன்றாள்.

மூடி கழன்றது. உட்சுவரில் வளைந்து ஓடியது ஓர் ஆழமான கீறல். நின்ற பம்பரம் மோதினால் வெறும் பள்ளம் விழும். சுழலும் பம்பரம்தான் இப்படிச் சுரண்டிக்கொண்டு போகும்.

அதிகாரிக்குப் போன் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி நின்று பேசினார்.

"முகம் தெளிஞ்சிடுச்சே, அண்ணி" என்றாள் தம்பி மனைவி மெதுவாக. "நல்ல சேதிதான் போல. உங்களுக்கு."

நெஞ்சில் இறங்கிய ஆறுதல் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"மேசையில இருக்கிற அந்த உப்புத்தாளால கீறலை ரெண்டு தேய் தேய்ச்சிடுங்க. அவர் மேல பழி வராது."

"நான் கொன்னதா ஆயிடும்மா."

"இப்பவே அப்படித்தானே சொல்றாங்க. உங்களுக்குப் பழகிப்போன பேர்தானே. உசிரோட இருக்கீங்க, வேற வேலை தேடிக்கலாம். அவர் வந்து எதைத் தேடுவார்?"

உப்புத்தாளை எடுத்தாள். கீறலை விரலால் தடவினாள். ஒரே சீராக ஓடியிருந்தது. கொஞ்சமும் தள்ளாடாத பம்பரம். அவள் கைபட்ட வேலைகளிலேயே சுத்தமானது இதுதான். அந்தப் பெருமை தலைதூக்கியபோது, தம்பியின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றாள், கீறல்தான் தெரிந்தது.

தாளைக் கீழே வைத்தாள்.

"நீங்க எப்பவுமே இப்படித்தான்னு அவர் சொல்வார்" என்றாள் தம்பி மனைவி. "பம்பரத்தைத்தான் கூடப் பிறந்ததா நினைப்பீங்களாம்."

அதிகாரி திரும்பி வந்தார். "என்னம்மா, பார்த்தாச்சா?"

"சுத்திக்கிட்டுதான் சார் இருந்திருக்கு."

"அப்போ விமானி இதைப் பார்க்கலை."

"பார்த்திருப்பான். நம்பலை."

டப்பாவின் விளிம்பைத் துணியால் துடைத்து, கீறல் மேலே தெரியும்படி அவர் கையில் கொடுத்தாள்.