துலாச்சா மரப்பொந்தில் ஒளித்துவைத்த குட்டை வில்

கலானா ஆற்றங்கரை வாட்டா வேடர்களில் துலாச்சாவின் வில்லைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆளைவிட வில் ஒரு முழம் உயரம். ஒருமுறை அதன் மேல்முனையில் ஒரு குருவி கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டதாம். குஞ்சுகளுக்குச் சிறகு முளைக்கும்வரை துலாச்சா வேட்டைக்கே போகவில்லையாம். கூடு கட்டியது பொய்யாக இருக்கலாம். அவன் போகாமல் இருந்திருப்பான் என்பது மட்டும் சத்தியமான உண்மை. அப்படிப்பட்ட மனசு.

அந்த வில்லை நாணேற்றுவதற்கே மற்றவர்களுக்கு மூச்சு வாங்கும். துலாச்சா அதைக் காது வரைக்கும் இழுப்பான். தலாஸோவைப் பெண் கேட்டுப் போன அன்று, அவளுடைய அண்ணன் கல்மா அதை வாங்கி இழுத்துப் பார்த்து, முகம் சிவந்து, கடைசியில் இடுப்புத் துணி அவிழ்ந்ததுதான் மிச்சம். "இவனுக்கே குடுங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனவன் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வந்தான். அதற்கப்புறம் துலாச்சாவுக்கு ஊரில் வேறு பெயர் தேவைப்படவில்லை. நெட்டைவில்காரன் என்றால் அவன்தான்.

இந்தப் பெயருக்குத்தான் ஆபத்து வந்தது. பெரிய மரத்தில் தேன் எடுக்க ஏறியவன், தேனீ கண்ணிமையில் கொட்டியதும் கையை விட்டுவிட்டான். அவன் விழுந்த சத்தத்தில் அக்கரையில் தூங்கிக்கொண்டிருந்த நீர்யானை எழுந்து உட்கார்ந்துவிட்டதாகப் பேச்சு. முழங்காலில் சிராய்ப்பு என்று எல்லோரிடமும் காட்டிக்கொண்டான். வலது தோள்பட்டை போன கதையை யாரிடமும் சொல்லவில்லை. கை நெஞ்சு உயரத்துக்கு மேல் எழவில்லை. வாட்டாக்களில் வில்லை இழுக்க முடியாதவனுக்கு வேட்டையில் இடமில்லை. மற்றவர்கள் அடித்த இறைச்சியைச் சுமந்துவரும் வேலைதான். நெட்டைவில்காரன் கல்மாவுக்குப் பின்னால் எருமைத்தொடையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பதா? அதற்கு அந்த மரத்திலிருந்து தலைகீழாகவே விழுந்திருக்கலாம் என்று நினைத்தான்.

அவனைக் காப்பாற்றியவன் அவன் கூட்டாளி கிதோங்கா. துலாச்சா தனியாக வில்லை இழுத்துப் பார்த்து வலியில் துடித்ததை அவன் ஒருவன்தான் பார்த்துவிட்டான். அவன் கம்பா இனத்தவன், ஆடு மேய்க்கிறவன். வறட்சி வந்தால் வாட்டாக்களின் குட்டையில் அவன் ஆடுகள் தண்ணீர் குடிக்கலாம், ஆனால் அங்கே அவன் பெரிய மிருகம் எதையும் அடிக்கக்கூடாது என்று ஊரோடு பேசிவைத்த பேச்சு. கம்பாக்களின் வில் குட்டை. மடியில் வைத்துக்கொண்டு தூங்கலாம். வாட்டாக்கள் அதைப் பல்குத்தும் குச்சி என்பார்கள்.

"இந்தா, பல்குத்தி" என்று கிதோங்கா தன் வில்லை நீட்டினான். "நெஞ்சு வரைக்கும் இழுத்தாப் போதும்ப்பா. மிச்ச வேலைய அம்புல தடவின விஷம் பாத்துக்கும். விஷத்துக்கு என்ன, நெட்டை வில்லுல வந்தோமா குட்டை வில்லுல வந்தோமான்னு கேக்கவா போகுது?"

துலாச்சா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இழுத்தான். தோள் முனகவில்லை. நாண் நெஞ்சைத் தொட்டது. விழுந்த நாளிலிருந்து அடைத்துக்கொண்டிருந்த மூச்சு அப்போதுதான் முழுசாக வெளியே வந்தது.

"யாருகிட்டயும் சொல்லிடாதே."

"தேன் மேல சத்தியம்" என்றான் கிதோங்கா.

அன்றிலிருந்து துலாச்சா தனியாகவே வேட்டைக்குப் போனான். நெட்டை வில்லை ஊர் பார்க்கத் தூக்கிக்கொண்டு போவான். தண்ணீர்க் குட்டைக்குப் பக்கத்து மரப்பொந்தில் அதை வைத்துவிட்டு, குட்டை வில்லை எடுத்துக்கொள்வான். மான் விழுந்ததும் குட்டை அம்பைப் பிடுங்கிவிட்டு, தன் மூன்று கீறல் அடையாளம் போட்ட நீள அம்பை அதே காயத்தில் செருகுவான். குட்டை அம்பில் அடையாளம் போடவே இல்லை. அதில் தன் பெயரைக் கீற அவனுக்குக் கை வரவில்லை. வீட்டுக்கு இறைச்சி வந்தது, பெயரும் நின்றது. நிம்மதியாகத்தான் இருந்தான், ஒரு காட்டெருமை வந்து கெடுக்கும்வரை.

சின்ன மானுக்காகப் புதருக்குள் குந்தியிருந்தான். வந்தது எருமை. வந்தது மட்டுமில்லை, அவன் ஒளிந்திருந்த அதே புதரில் முதுகைத் தேய்த்தது. எழுந்தால் செத்தான், எழாவிட்டாலும் மிதிபட்டுச் செத்தான். வில்லை நெஞ்சு வரைக்கும் இழுத்து விட்டான். எருமை ஒரு துள்ளுத் துள்ளி, புதரில் பாதியைக் கொம்பில் மாட்டிக்கொண்டு மேட்டைத் தாண்டி ஓடியது. இருட்டப் போகிற நேரம். காலையில் தேடிப் பிடித்து அம்பை மாற்றிக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டான். விடிவதற்குள் யானைக்கூட்டம் தண்ணீருக்கு வந்து அவனுடைய காலடிகளையெல்லாம் மிதித்து அழித்தது. காலையில் கழுகுகள் அவனுக்கு முந்திக்கொண்டன. கழுகுகளைப் பார்த்து ஊர் முந்திக்கொண்டது.

துலாச்சா நெட்டை வில்லோடு மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது, செத்த எருமையின் வயிற்றின் மேல் கல்மா நாற்காலியில் உட்கார்ந்ததுபோல உட்கார்ந்திருந்தான். கையில் குட்டை அம்பு. பெண்கள் கத்தியும் கூடையுமாக நின்றார்கள். ஆனால் அம்புக்குச் சொந்தக்காரன் யாரென்று தெரியாமல் யாரும் இறைச்சியில் கத்தி வைக்கக்கூடாது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"வா மாப்பிள்ளை, வா! பாத்தியா அநியாயத்த? கம்பா அம்பு! நம்ம தண்ணியக் குடிச்சுட்டு நம்ம எருமைய அடிச்சிருக்கான். கிதோங்காவுக்கு ஆள் போயிருக்கு."

கிதோங்கா வந்தான். பின்னாலேயே அவன் ஆடுகளும் வந்தன. அதுகளுக்கு நியாயம் விசாரிக்கிறார்கள் என்று யார் சொல்வது?

ஊருக்கு மூத்தவர் ஜில்லோ கேட்டார்: "தம்பி, இந்த அம்பு உன்னோடதா?"

கிதோங்கா அம்பைப் பார்த்தான். துலாச்சாவைப் பார்க்கவில்லை. "என்னோடதுதான் பெரியவரே."

"பேச்சு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அப்போ நாளையிலேருந்து உன் ஆட்டுக்குத் தண்ணி கிடையாது" என்றான் கல்மா. "வேற தண்ணி எங்கே இருக்குன்னு ஆட்டையே கேட்டுக்கோ."

வேறு தண்ணீர் கிடையாது. அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். ஒரு வெள்ளாட்டுக்குட்டி வந்து துலாச்சாவின் நெட்டை வில்லை நக்கியது. அவன் ஒருமுறை அந்தக் குட்டியைப் பார்த்தான், ஒருமுறை வில்லைப் பார்த்தான்.

"அம்பு என்னோடது" என்றான்.

கல்மா விழுந்து விழுந்து சிரித்தான். "கூட்டாளிக்காகப் பொய் சொல்றான் பாருங்க! ஏம் மாப்பிள்ளை, சொல்றதுதான் சொல்றே, நம்புற மாதிரி சொல்லக்கூடாதா? நீ பல்குத்தியால அடிச்சேங்கிறதும், சிங்கம் புல்லு மேய்ஞ்சுதுங்கிறதும் ஒண்ணுதான்!"

இத்தனை நாள் பயந்த பயமென்ன, இப்போது உண்மையைச் சொன்னால் யாரும் நம்பவில்லை! துலாச்சாவுக்குக் கோபமே வந்துவிட்டது. விடுவிடுவென்று குட்டைக்கரை மரத்துக்குப் போய், பொந்திலிருந்து குட்டை வில்லையும் மிச்ச அம்புகளையும் கொண்டுவந்து எருமையின் மேல் போட்டான்.

கல்மா அம்பை எடுத்து ரத்தம் காய்ந்த இடத்தை விரலால் அளந்தான். அந்த வேலையில் அவன் கெட்டிக்காரன். "இவ்வளவு ஆழம் போயிருக்கு. இந்தக் குச்சி இந்தத் தோல்ல இவ்வளவு ஆழம் இறக்காதுப்பா. எருமையோட அக்குள்ல நின்னு அடிச்சாத்தான் இறங்கும்."

"அக்குள்லதான் இருந்தேன், மச்சான்."

சிரிப்பு நின்றது. நெட்டை வில்லால் எருமையைத் தூரத்திலிருந்து அடித்துவிட்டு மரமேறிக்கொள்கிறவர்கள்தான் அங்கே எல்லோரும். கல்மா எருமையின் மேலிருந்து மெதுவாக இறங்கினான்.

"எருமையோட மூச்சு எப்படி நாறிச்சு?" என்று ஜில்லோ கேட்டார்.

"புளிச்ச கள்ளு மாதிரி."

"சரிதான்" என்றார் ஜில்லோ. அவருக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

கிதோங்காவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "அட பாவி! எருமைய அடிச்சியா இதால? அது கோழி அடிக்கிற வில்லுப்பா! காட்டுக்கோழி! எங்க ஊர்ல பொம்பளைங்க காக்கா விரட்டுறது! அக்குள்ல இருந்து அடிச்சது தெரிஞ்சிருந்தா என்னோட அம்புன்னு சொல்லியிருப்பேனா? யார் நம்புவாங்க?"

"ஆனா ஏன் மாப்பிள்ளை?" கல்மாவுக்கு இன்னும் விளங்கவில்லை. "உன் வில்லு கையில இருக்கு. இழுத்து அடிக்க வேண்டியதுதானே?"

துலாச்சா நெட்டை வில்லைப் பிடித்து இழுத்துக் காட்டினான். கை நெஞ்சு உயரம் போனது, அங்கேயே நின்றது. தோள் பிடுங்கிக்கொள்ள, "ஐயோ அம்மா!" என்று அலறிவிட்டான். கழுகுகள் எல்லாம் ஒன்றாக எழுந்து பறந்தன.

"அப்பாடா!" என்றாள் தலாஸோ. கூடையைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். "இப்பவாவது வாயத் தொறந்து கத்துனீங்களே! தேன் மரத்துல விழுந்த நாள்லேருந்து படுக்கையில பல்லக் கடிச்சுக் கடிச்சு, எனக்குத் தூக்கமில்லாமப் போச்சு. பல்லுச் சத்தம் எலி கரண்டுற மாதிரி கேக்குது. எந்த வில்லால அடிச்சா என்னங்க? கறியில வில்லோட நீளம் தெரியுதா?"

கல்மா குட்டை வில்லை எடுத்தான். "குடு, பாப்போம்" என்று பழக்க தோஷத்தில் காது வரைக்கும் இழுக்கப் போனான்.

"நெஞ்சு! நெஞ்சு வரைக்கும்தான்!" என்று கிதோங்கா பாய்ந்து கையைப் பிடித்தான். "காதுக்கு இழுத்தா முறிஞ்சு உங்க மூக்கக் கொண்டுபோயிடும் அண்ணே!"

கல்மா நெஞ்சோடு நிறுத்தினான். இழுத்தான், விட்டான், மறுபடி இழுத்தான். எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் கீழே வைத்தான்.

"குட்டையில தண்ணி இருக்கிறவரைக்கும் கிதோங்கா ஆடு குடிக்கட்டும்" என்றார் ஜில்லோ. "அம்பு யாரோடதுன்னு தெரிஞ்சு போச்சு. வெட்டுங்க."

கத்திகள் இறங்கின. அம்பு பாய்ந்த இடத்து விஷச் சதையைத் தனியே அறுத்துப் புதைத்தார்கள். தோலையும் நெஞ்சுக்கறியையும் துலாச்சா பக்கம் வைத்தார்கள். அதில் பாதியை அவன் கிதோங்கா பக்கம் தள்ளினான். இறைச்சியைச் சுமக்கிற வேலை கல்மாவுக்கு வந்தது. தொடையைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு துலாச்சாவின் அருகே வந்து குரலைத் தாழ்த்தினான்.

"மாப்பிள்ளை, எனக்கும் கொஞ்ச நாளா முழங்கைல ஒரு பிடிப்பு... அந்தக் கம்பாகிட்ட இன்னொண்ணு இருக்குமா?"

"பல்குத்தவா, மச்சான்?"

கல்மா கறியோடு வேகமாக நடந்தான். நெட்டை வில்லை இரண்டு கவைக்கம்புகளின் மேல் குறுக்கே வைத்து, தலாஸோ அதில் இறைச்சிக் கீற்றுகளைக் காயப்போட்டாள். நல்ல நீளம், பாதி எருமை அதிலேயே தொங்கியது. பிறகு துலாச்சாவை நிழலில் உட்காரவைத்து, எருமைக் கொழுப்பை உருக்கித் தோளில் தேய்க்க ஆரம்பித்தாள். ஊரே பக்கத்தில் இருந்தது.

"வலிக்குதா?"

"வலிக்குது" என்றான் துலாச்சா உரக்க. "ஆத்தாடி, ரொம்ப வலிக்குதுடி!" ஆசை தீர முனகினான். அக்கரை நீர்யானை இந்த முறையும் எழுந்து பார்த்துவிட்டு, அவன்தான் என்று தெரிந்ததும் திரும்பப் படுத்துக்கொண்டது.