வெண்ணெய் உருகாம இருந்தா வரேன்

தூக்குச்சட்டி மூடியைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. உருகிப் புளித்த வெண்ணெய் வாசம்... உள்ளே எண்ணெய் மாதிரி மஞ்சளாக ஆடியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரி செல்லம்மா முன்னால் தலை குனிந்து நின்றேன். நாலு வருஷம் ஆச்சு. அந்த வாசம் இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை.

நான் இந்த வருஷம்தான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். போனில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்துகிறேன். இதை எழுத நாலு நாள் ஆனது. நாலு நாளும் சந்தோஷம்தான்!

எங்களுக்கு ஆட்டுக்கிடை போடுவது தொழில். அறுவடை முடிந்த காட்டில் ஆடுகளைப் பட்டி அடைத்துத் தங்கவைப்போம். புழுக்கை காட்டுக்கு எரு. மூன்று நாள், நாலு நாள், பிறகு அடுத்த காடு. பூலாம்பாடிப் பக்கம் ஆரம்பித்தால் அரியலூர் வரை வருவோம். நாங்கள் தங்க ஒரு பழைய டிராக்டர் டிரெய்லர். மேலே தகரம், உள்ளே கட்டில், அடுப்பு, மூலையில் பேட்டரி. ஒரு பல்பு எரியும், போன் சார்ஜ் ஏறும். அவ்வளவுதான்.

கிடைக்காரருக்குச் சோறு காட்டுக்காரர் வீட்டிலிருந்து வரும். அது வழக்கம். பேட்டரிக்குச் சார்ஜும் அவர் மோட்டார் கொட்டகையில்தான். சாயங்காலம் பேட்டரியைத் தோளில் தூக்கிக்கொண்டு போவேன். செல்லம்மா சிரிப்பாள்.

"என்னைய ஒரு நாளாச்சும் இப்புடித் தூக்கியிருப்பீங்களா?"

அப்புறம் அவளுக்குச் சர்க்கரை வந்தது. இன்சுலின் ஊசி. மருந்தைக் குளிர்ச்சியில்தான் வைக்கணும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டிரெய்லரில் ஏது குளிர்ச்சி? உடையார்பாளையத்தில் மகள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். முப்பது வருஷம் கூடவே சுற்றினவள். ஒரு வருஷம் அவள் இல்லாமல் சுற்றினேன். அந்தச் சின்னக் கட்டில் ரொம்பப் பெரிசாகத் தெரிந்தது...

மருமகன் பார்த்தார். காரில் வைக்கிற குட்டி பிரிட்ஜ் ஒன்று வாங்கித் தந்தார். செல்லம்மா நம்பவில்லை. மகள் வீட்டு மாட்டு வெண்ணெயைத் தூக்கில் போட்டுக் கொடுத்தாள்.

"மூணு நாள் இதை உங்க பொட்டியில வெச்சிருங்க. வெண்ணெய் உருகாம இருந்தா வரேன்."

நான் சும்மா விடுவேனா? பேட்டரியில் தண்ணீர் குறைந்திருந்தது. அரியலூர் பக்கம் ஒரு காட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுத்துக் கொதிக்கக் காய்ச்சினேன். வெள்ளைத் துணியில் வடிகட்டினேன். ஆறவைத்து ஊற்றினேன். அவளுக்குச் சுடுதண்ணீர் வைப்பதைவிடப் பதமாக!

இரண்டாம் நாளே பிரிட்ஜ் விளக்கு மினுக் மினுக்கென்றது. மூன்றாம் நாள்தான் அந்த வாசம்.

செல்லம்மா தூக்கை எட்டிப் பார்த்தாள். "வெண்ணெய்க்கே இந்தக் கதின்னா, என் மருந்துக்கு?" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகச் சொன்னாள்.

பேட்டரியை அரியலூர் கடைக்கு எடுத்துப் போனேன். கூட என் மச்சினன் சின்னத்தம்பி, செல்லம்மாவின் தம்பி. கிடையில் பாதி ஆடு அவனுடையது. கடைக்காரர் மூடியைக் கழற்றினார்.

"ஐயா, இதுல என்ன ஊத்துனீங்க?"

"கிணத்துத் தண்ணிதான் தம்பி. நல்லாக் காய்ச்சி..."

"காய்ச்சுனா மனுசன் குடிக்கலாம், பேட்டரி குடிக்குமா? இது சுண்ணாம்பு பூமிங்க. காய்ச்சுற பானையே வெள்ளை பூத்துப்போவுது. இதுக்குன்னு பாட்டில்ல விக்கிற தண்ணியத்தான் ஊத்தணும்."

இந்தப் பேட்டரி இனித் தேறாது, இதே மாதிரி புதுசு ஒன்று வாங்கலாம், இல்லையென்றால் தண்ணீரே ஊற்றத் தேவையில்லாத பெரிய பேட்டரி, கூரைக்கு சோலார் தகடு என்றார். சின்னத்தம்பி என் கையைப் பிடித்து இழுத்தான்.

"மாமா, ஒரு பல்பு, ரெண்டு போன். அதுக்கு எதுக்குப் பெருசு? மணிக்கிடாவை வித்தாத்தான் கட்டும். அது இல்லாம ஆடு ரோட்டைத் தாண்டுமா?"

மணிக்கிடா என்றால் கழுத்தில் மணியோடு முன்னால் நடக்கிற கிடா. அது கால் வைத்தால்தான் மற்றதெல்லாம் பின்னால் வரும். அவன் சொன்னது நியாயம்தான். கடை வாசலில் ஒரு டீ ஆறிப்போகிற வரைக்கும் யோசித்தேன்.

"மாப்ள, ஆட்டுக்கு முன்னால நான் நடந்துக்கறேன். ஒங்க அக்கா வரட்டும்."

"அப்ப மணியை ஒங்க கழுத்துலயே கட்டிருவோம்" என்றான். சொன்னானே தவிர, கிடாவை விற்க அவனும் சந்தைக்கு வந்தான்.

பெரிய பேட்டரியும் கூரையில் தகடும் பூட்டி, மறுபடி மூன்று நாள். மறுபடி அதே தூக்கை ஈரச்சாக்கில் சுற்றி மகள் வீட்டுக்கு எடுத்துப் போனேன். செல்லம்மா மூடியைத் திறந்து விரலால் அழுத்தினாள். விரல் இறங்கவில்லை. மூடியைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். போன வேகத்தில் துணிப்பையோடு வந்தாள்.

"அதுக்குள்ள பையை எப்பக் கட்டுன?"

"போன தடவையே கட்டிட்டேன். அவுக்கல."

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்...

ஒரு மாசம் மணியைக் கையில் ஆட்டிக்கொண்டு நானே முன்னால் நடந்தேன். பிறகு ஒரு இளங்கிடா பழகி அந்த வேலையை எடுத்துக்கொண்டது.

பழைய பேட்டரி இருந்தபோது சார்ஜ் ஏறும் வரை மோட்டார் கொட்டகையில் காட்டுக்காரரோடு உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவேன். இப்போது தகடு வெயிலிலேயே ஏற்றிக்கொள்கிறது. யாரையும் கேட்க வேண்டியதில்லை. அந்தப் பேச்சுதான் குறைந்துபோனது. தோளும் காலியாகத்தான் இருக்கிறது.

பழைய பேட்டரியைக் கொடுத்தால் விலை குறைத்துத் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். நான் கொடுக்கவில்லை. உள்ளே இருந்த ஆசிட்டை மட்டும் கொட்டிக் கழுவித் தரச் சொன்னேன். செல்லம்மாவுக்கு முட்டி வலி, டிரெய்லரில் ஏறக் கால் எட்டாது.

இப்போது எந்தக் காட்டில் வண்டி நின்றாலும் முதல் வேலை, அந்தப் பேட்டரியைக் கீழே இறக்கி வாசலில் வைப்பதுதான். அதன் மேல் கால் வைத்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறாள்.