ஆப்பிள், மேசை, நாணயம்

எங்கள் வார்டில் அவருக்குப் பெயர் புத்தகம். யார் வைத்தது என்று தெரியாது. நான் செவிலியனாக வேலைக்குச் சேர்ந்தபோதே அந்தப் பெயர் பழசாகியிருந்தது.

ஆண்டுதோறும் நர்சிங் மாணவிகள் நான்கு வாரப் பயிற்சிக்காக எங்கள் மனநலப் பிரிவுக்கு வருவார்கள். ஆளுக்கு ஒரு நோயாளி. அவரோடு உட்கார்ந்து பேசி, பேசியதை வார்த்தைக்கு வார்த்தை நோட்டில் எழுத வேண்டும். அவர் சொன்னது ஒரு பத்தி, தான் சொன்னது ஒரு பத்தி, அதிலிருந்து என்ன புரிந்தது என்பது மூன்றாவது. மற்ற நோயாளிகள் பாதியில் எழுந்து போவார்கள், போர்வைக்குள் புகுந்துகொள்வார்கள். இவர் மட்டும் சட்டைப் பொத்தான்களைச் சரிபார்த்துவிட்டு நாற்காலியில் காத்திருப்பார். இருபத்திரண்டு வருடமாக.

அதற்கு முன்பு வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதும் வேலை. வாசலில் நின்று "மீட்டர்" என்பார். உள்ளேயிருந்து "பாத்துக்கங்க" என்று குரல் மட்டும் வரும். ஒரு நாளைக்கு நூற்றைம்பது வீடு, நூற்றைம்பது "பாத்துக்கங்க". முப்பத்தாறாவது வயதில், மீட்டர்கள் தன்னைக் கணக்கெடுக்கின்றன என்று சொல்ல ஆரம்பித்தார். ஒரு தெரு முழுக்க மீட்டர் பெட்டிகளைத் துணியால் மூடிக்கொண்டே போனவரை இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். மாத்திரையில் எல்லாம் அடங்கிப் பதினைந்து வருடம் ஆகிறது. அதற்குள் அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். அழைத்துப்போக யாரும் வரவில்லை.

"நீங்க ஏன் இங்க வந்தீங்க?" என்று போன ஆண்டு ஒரு மாணவி ஆரம்பித்தாள்.

"ஏன்னு கேக்கக் கூடாதும்மா. உங்க மேடம் சிவப்பு மையில சுழிப்பாங்க. எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க."

"எப்படி இருந்துச்சு?"

"அதுக்குள்ளயா? முதல்ல எத்தனை நாள் இருப்பீங்கன்னு எங்கிட்ட சொல்லணும். அது பாடத்துல இருக்கு. நீங்க இன்னும் அந்தப் பக்கம் வரல போல."

அது பாடத்தில் உண்டுதான். எப்போது போவேன் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும், கடைசி நாளில் முறையாக விடைபெற வேண்டும். இருபத்திரண்டு முறை அவரிடம் அப்படி முறையாக விடைபெற்றிருக்கிறார்கள். அழுத பெண்களும் உண்டு. "கண்ணைத் துடைங்க, மார்க் போயிடும்" என்று அவர்தான் தேற்றி அனுப்புவார்.

மனிதன் பிறந்ததிலிருந்து சாகும்வரை எட்டுப் படிகள் ஏறுகிறான் என்று அவர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. முதல் படியில் நம்பிக்கை, கடைசிப் படியில் நிறைவு. ஆறாவது படியில் இன்னொருவரோடு நெருக்கம். அது வாய்க்காவிட்டால் தனிமை. மாணவிகள் படம் வரைந்து, தங்கள் நோயாளி எங்கே நின்றுவிட்டார் என்று ஒரு பொட்டு வைப்பார்கள். இவருக்கு எல்லோரும் ஆறாவது படியில்தான் வைத்தார்கள்.

"இத்தனை வருஷமா ஒரே படியில நிக்கிறேன், கால் வலிக்குது. ஒரு நாற்காலியாவது வரையக் கூடாதா?" என்பார்.

பிறகு ஞாபகப் பரிசோதனை. மூன்று சொற்களைச் சொல்லி, வேறு ஏதாவது பேசி, ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்க வேண்டும். மாணவிகளின் கையேட்டில் அச்சாகியிருந்த சொற்கள் ஆப்பிள், மேசை, நாணயம். ஒருத்தியும் அவற்றை மாற்றியதில்லை.

இந்த ஆண்டு தொடக்கத்தில் அவருடைய தங்கை வந்தார். கணவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மாடி அறை காலியாக இருக்கிறது, அண்ணனை அழைத்துப்போகிறேன் என்றார். தன்னைத் தானே பார்த்துக்கொள்வார் என்று டாக்டர் சோதித்துக் கையெழுத்துப் போட்டால் போதும். பழைய டாக்டர் ஓய்வு பெற்று, புதியவர் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு என்று குறித்தார்.

"புத்தகத்துக்கே பரீட்சையா?" என்றார் தலைமை சிஸ்டர்.

"நூத்துக்கு நூறு சிஸ்டர். ஒரு மார்க் குறைஞ்சா என்னை இங்கேயே வச்சுக்கங்க" என்றார் புத்தகம்.

தங்கை ஒரு புதுச் சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் இருந்தார். சாட்சியாக நான் உள்ளே இருந்தேன். டாக்டர் தேதி கேட்டார், இவர் சொன்னார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார், டாக்டரே பின்தங்கும் வேகத்தில் கழித்தார். தெருவில் ஒரு கடிதம் கிடந்தால் என்ற கேள்வி முடியும் முன்பே, தபால் பெட்டியில் போடுவேன் என்றார். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

நடுவில் டாக்டர் கொடுத்த மூன்று சொற்கள் செருப்பு, மழை, ஜன்னல். ஐந்து நிமிடம் ஆனதும் கேட்டார்.

"ஆப்பிள், மேசை, நாணயம்" என்றார் இவர். கணீரென்று, கொஞ்சம் பெருமையாகக்கூட.

பேனா நின்றது. நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எனக்கு எப்போதும் சொல் பிந்தித்தான் வரும். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பதிலெல்லாம் மனப்பாடம். ஞாபகம் இல்ல. மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்" என்று டாக்டர் வெளியே வந்து தங்கையிடம் சொன்னார்.

தங்கை பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "மாடி ரூமை என் பையன் கேட்டுக்கிட்டே இருக்கான் சார். வாராவாரம் ஏதோ சொல்லி நிறுத்தி வச்சிருக்கேன். மூணு மாசம் எப்படி நிறுத்துவேன்?" என்றார். பிறகு அவரே, "சரிங்க" என்றார். சட்டையை என் கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

மதியச் சாப்பாட்டில் புத்தகம் தட்டைத் தொடவில்லை.

"தம்பி, டாக்டர் சொன்னது செருப்பு, மழை, ஜன்னல்."

"தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம என்ன. கேட்டதும் வாய் பழைய வழியில போயிடுச்சு. மாடு மாதிரி. எழுந்து வெளிய வந்தப்புறம்தான் உறைச்சுது. அதுக்கப்புறம் யாரும் கேக்கல."

டாக்டர் அறைக் கதவுக்கு வெளியே வெகுநேரம் நின்றேன். அவரே வீட்டுக்குப் போகக் கதவைத் திறந்தபோதுதான், புத்தகத்துக்கு மூன்று சொல்லும் ஞாபகம் இருக்கிறது என்று சொல்ல முடிந்தது.

"நீங்க சொல்லிக் கொடுத்தீங்களா?"

"இல்ல சார்."

"நாளைக்குக் காலையில நானே கேக்குறேன். அதுவரைக்கும் இதப்பத்தி அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது."

மறுநாள் வார்டைச் சுற்றி வரும்போது, கட்டிலருகே நின்று, சாதாரணமாகக் கேட்டார்: "நேத்து என்னமோ மூணு சொன்னேனே?"

"செருப்பு, மழை, ஜன்னல். நீங்க ஒரு கால் செருப்பைக் கழட்டி மேசைக்கு அடியில வச்சிருந்தீங்க. வெளிய மழை வர மாதிரி இருந்துச்சு. ஜன்னலைப் பாத்துக்கிட்டே சொன்னீங்க. சொல்றதுக்கு வேற ஒண்ணும் தோணல போல சார்."

டாக்டர் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார். அன்றே கையெழுத்துப் போட்டார். தங்கை சனிக்கிழமை வருவதாகப் போனில் சொன்னார்.

புதன்கிழமை மாலையே இவர் கட்டில் கட்டிலாகப் போக ஆரம்பித்துவிட்டார். "நான் இன்னும் மூணு நாள் இருப்பேன்." மறுநாள், "இன்னும் ரெண்டு நாள்." போர்வைக்குள் இருந்தவர்களிடமும் குனிந்து சொன்னார். சனிக்கிழமை புதுச் சட்டையில் ஒவ்வொருவரிடமும் நின்று விடைபெற்றார். ஜன்னலோரக் கட்டில்காரர் பதினொரு வருடமாக யாரோடும் பேசாதவர். அவர் கையை நீட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார் இவர். தலைமை சிஸ்டர் மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "மார்க் போயிடும் சிஸ்டர்" என்றார் இவர்.

ஒரு மாதம் கழித்து, வீட்டுக்குப் போய்ப் பார்த்து வரும் வேலை எனக்கு வந்தது. ஒரே அளவான வீடுகள் உள்ள தெரு. தங்கை தையல் மெஷினிலிருந்து எழாமலே சொன்னார்: "ஒரு தொந்தரவும் இல்ல தம்பி. இருக்கிற இடமே தெரியல." அவர் பொய் சொல்லவில்லை. அண்ணனுக்கு நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு மாத்திரை; துணிகூடத் துவைத்து மடித்து மாடிப்படியில் வைத்திருந்தது.

மேலே அவர் நாற்காலியில் இருந்தார், பொத்தான்கள் சரியாக.

"வாங்க தம்பி. இங்க பதினாலு படி, பாத்தீங்களா? ஆறெல்லாம் எப்பவோ தாண்டியாச்சு."

சிரித்தோம். மாத்திரை எண்ணிக்கை சரிபார்த்தேன், ரத்த அழுத்தம் பார்த்தேன். தூக்கம், பசி என்று படிவத்திலிருந்த கேள்விகளைக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் நிறுத்தி நிதானமாக, ஒரு கேள்விக்கு மூன்று பதிலாகச் சொன்னார். கேள்விகள் தீர்ந்தன. கீழே மெஷின் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது.

"எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிறாங்க. என்ன, யாரும் ஒண்ணும் கேக்குறதில்ல" என்றார். பிறகு, கூச்சத்தோடு: "மூணு வார்த்தை சொல்லிட்டுப் போங்களேன். அடுத்த மாசம் வந்து கேளுங்க. வச்சிருக்கேன்."

சுற்றிப் பார்த்தேன். "சீப்பு, கொடிக்கயிறு, சுவர்ப்பல்லி."

"பல்லி போயிடுமே தம்பி. பரவாயில்ல."

அடுத்த மாதம் என்னை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டுப் பார்வைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு செவிலி போனார். படிவத்தின் அடியில் மூன்று சொற்களையும் எழுதி, மறக்காமல் கேட்கவும் என்று குறிப்பு வைத்தேன்.

"இது என்ன கிறுக்கல்?" என்றார் அவர்.

"அவர்கிட்ட கேளுங்க, தெரியும்" என்றேன்.

சாயங்காலம் படிவம் திரும்பி வந்தது. தூக்கம் சரி, பசி சரி, மாத்திரை சரி. கடைசியில், என் எழுத்துக்குக் கீழே, அவசரமான கையெழுத்தில் இப்படி இருந்தது:

மூன்றும் சரி. புதிதாக மூன்று கேட்டார். நேரமில்லை.