கல்யாணப் பத்திரிகையில் வெட்டிய கேஸ்கட்

செம்பூர் ஒர்க்‌ஷாப்பில் என் பழைய காருக்கு வாட்டர் பம்ப் மாற்றும்போது, சுடுநீரும் கிரீஸும் கலந்த வாசனை வந்தது. சிறுமியாக, மணப்பெண்ணான அக்காவோடு அப்பாவின் டாக்சியில் தாராவியிலிருந்து புனே போன நாள் நினைவுக்கு வந்தது.

மலைப்பாதையில் பம்ப் ஒழுகி வண்டி நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரி டிரைவர் பம்பைக் கழற்றிப் பார்த்து, தண்ணீர் கசியாமல் அடைக்கும் கேஸ்கட் கிழிந்திருக்கிறது, கெட்டியான காகிதம் இருக்கிறதா என்று இந்தியில் கேட்டார். அம்மா கல்யாணப் பத்திரிகையை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள்.

அப்பா தயங்கினார். "மஞ்ச தடவுன பத்திரிகையையா வெட்டச் சொல்லுத?"

"புள்ள முகூர்த்தத்துக்குப் போய்ச் சேரணும்லா. குடுங்க."

லாரி டிரைவர் அதை வெட்டி, கிரீஸ் தடவிப் பொருத்தினார். வழியில் மறுபடி நின்றால் உதவலாமென்று மண்டபம்வரை பின்னாலேயே வந்தார். அப்பா அவரைச் சாப்பிடாமல் விடவில்லை. கல்யாணப் போட்டோவில் தாய்மாமனுக்குப் பக்கத்தில் கறைபடிந்த சட்டையோடு நிற்பவர் அவர்தான். யாரென்று கேட்பவர்களிடம் அக்கா இன்றும், "நம்ம வீட்டு ஆளுதான்" என்பாள்.